கிரெடிட் ஃப்ரீஸ் போடுவது எப்படி: அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

அமெரிக்காவில் உங்கள் பெயரில் வேறொருவர் கிரெடிட் கார்டு வாங்கப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை. பெயர், பிறந்த தேதி, முகவரி, ஒன்பது இலக்க சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகிய நான்கும் கையில் இருந்தால் ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம். கார்டு அந்த ஆள் சொல்லும் முகவரிக்குப் போகும். பாக்கி உங்கள் பெயரில் ஏறும். பல மாதம் கழித்து வசூல் ஏஜென்சி போன் செய்யும்போதுதான் பலருக்கும் விஷயமே தெரியவருகிறது.

இந்த நான்கு விவரங்களும் ஏற்கெனவே வெளியே போய்விட்டன என்று வைத்துக்கொண்டு யோசிப்பதுதான் நல்லது. 2017இல் ஈக்விஃபாக்ஸ் என்ற கடன் விவர நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் களவுபோயின. அபாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் இருந்த ஓட்டைக்கு அந்த ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வந்திருந்தது. அதைப் போடாமல் விட்டார்கள். மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஜூலை கடைசிவரை உள்ளேயே இருந்தார்கள். 2024 மார்ச்சில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம், தன் இந்நாள், முன்னாள் வாடிக்கையாளர்கள் சுமார் 7.3 கோடி பேரின் தகவல்கள் இணையத்தின் இருட்டுச் சந்தையில் கிடப்பதாக ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம். சோஷியல் எண்ணை அப்படி மாற்ற முடியாது, மிக அரிதாகத்தான் புது எண் தருவார்கள். இத்தனைக்கும் 1972 வரை வெளியிட்ட பழைய கார்டுகளில் 'அடையாளம் காட்டுவதற்கு அல்ல' என்று அச்சடித்தே கொடுத்தார்கள். யார் கேட்டார்கள்?

எண்ணை ஒளித்துவைக்க முடியாது என்று ஆனபிறகு, அதை வைத்துக் கடன் வாங்க முடியாமல் செய்வதுதான் மிச்சமிருக்கும் வழி. அதற்குப் பெயர்தான் கிரெடிட் ஃப்ரீஸ்.

ஃப்ரீஸ் போட்டால் என்ன ஆகும்?

ஊரில் சிபில் ஸ்கோர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் அந்த வேலையை மூன்று பீரோக்கள் செய்கின்றன: அட்லாண்டாவில் இருக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், சிகாகோவின் டிரான்ஸ்யூனியன். (சிபிலின் இன்றைய உரிமையாளரும் இந்த டிரான்ஸ்யூனியன்தான்.) நீங்கள் கார்டுக்கோ லோனுக்கோ விண்ணப்பித்தால் வங்கி இந்த மூன்றில் ஒன்றிடமோ பலவற்றிடமோ உங்கள் கடன் வரலாறு அடங்கிய ரிப்போர்ட்டைக் கேட்கும். ஃப்ரீஸ் போட்டிருந்தால் ரிப்போர்ட் போகாது. ரிப்போர்ட் பார்க்காமல் கடன் தர எந்த வங்கிக்கும் துணிச்சல் வராது, விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பித்தது நீங்களா, திருடனா என்று பீரோ ஆராய்வதில்லை. இருவருக்கும் கதவு ஒன்றுதான். அதனால்தான் உங்களுக்குத் தேவைப்படும்போது நீங்களே எடுத்துவிட வேண்டியிருக்கிறது.

ஸ்கோர் குறையாது. இருக்கிற கார்டுகள் வழக்கம்போல் ஓடும். உங்கள் ரிப்போர்ட்டை நீங்கள் பார்க்கலாம். முன்பு மாநிலத்தைப் பொறுத்து, போடுவதற்கும் எடுப்பதற்கும் ஒவ்வொரு பீரோவும் பத்து டாலர்வரை வாங்கிக்கொண்டிருந்தது. ஈக்விஃபாக்ஸ் கூத்துக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் கொண்டுவந்து, 2018 செப்டம்பர் 21 முதல் நாடு முழுக்க இலவசம். ஆன்லைனிலோ போனிலோ கேட்டால் ஒரு வேலைநாளுக்குள் போட வேண்டும். எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தபாலில் கேட்டால் இரண்டுக்குமே கடிதம் கிடைத்ததிலிருந்து மூன்று வேலைநாள்.

'தேவைப்பட்டால் போடலாம்' என்று தள்ளிப்போடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். என் கருத்து இதற்கு நேர்மாறானது. ஃப்ரீஸ் எப்போதும் இருக்கட்டும், கடன் வாங்கும் நாளில் மட்டும் எடுங்கள். சராசரி குடும்பம் வருடத்துக்கு எத்தனை முறை புதுக் கடன் வாங்குகிறது? ஒன்றோ இரண்டோ. மீதி நாளெல்லாம் எதற்காகத் திறந்து கிடக்க வேண்டும்?

முதலில் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

ஃப்ரீஸ் போடும் முன் மூன்று பீரோ ரிப்போர்ட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி இதற்கென இருக்கும் தளம் ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம். இப்போது வாரம் ஒரு முறை இலவசம். பெயரில் இதைப் போலவே இருக்கும் வியாபாரத் தளங்கள் நிறைய. எந்தத் தளமாவது கார்டு எண் கேட்டால் தப்பான இடத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

கணக்குகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் யார் யார் கேட்டார்கள் என்ற பட்டியல் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத வங்கி அங்கே இருந்தால் யாரோ முயன்று பார்த்திருக்கிறார்கள். நீங்கள் இருந்தே இராத ஊரின் முகவரி இருந்தாலும் அப்படித்தான்.

நம்மவர்களுக்கு இங்கே தனியாக ஒரு தலைவலி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு, விசாவில் முழுப் பெயரும் சர்நேமுக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். அது அப்படியே சோஷியல் கார்டுக்கும் லைசென்ஸுக்கும் போகும். வங்கியில் உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்துவிட்டு வேறு மாதிரி எழுதியிருப்பார். அப்பா பெயர் முன்னால் ஒரு கணக்கில், பின்னால் இன்னொன்றில், வெறும் இனிஷியலாக மூன்றாவதில். பீரோவில் உங்கள் கோப்பு எந்தப் பெயரில் இருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்தால்தான் ஆன்லைனில் அடையாளம் பொருந்தும். 'உங்களை உறுதிப்படுத்த முடியவில்லை' என்று திரும்பத் திரும்ப வந்தால், பலமுறை இதுதான் காரணம். ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் பெயரையும் பழைய முகவரிகளையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

மூன்று இடத்திலும் போடுவது

மூன்று பீரோவுக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்றிடம் சொன்னால் மற்ற இரண்டுக்கும் தானாகப் போகாது. இரண்டில் போட்டுவிட்டு ஒன்றை விட்டால், எந்த வங்கி எந்த பீரோவைப் பார்க்கும் என்று தெரியாததால், பாதி வேலை செய்த கதைதான். ஒரே உட்காரலில் மூன்றையும் முடித்துவிடுங்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

தளத்துக்குத் தேடல் விளம்பரம் வழியாகவோ மின்னஞ்சல் இணைப்பு வழியாகவோ போகாதீர்கள், முகவரியை நீங்களே தட்டுங்கள். 2017இல் களவு வெளியான பிறகு ஈக்விஃபாக்ஸின் சொந்த ட்விட்டர் கணக்கே, தளப் பெயரின் சொற்களை முன்பின் மாற்றிப் போட்டு மக்களைப் போலித் தளத்துக்கு அனுப்பியது. நல்லவேளை, அதை அமைத்தவர் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்ட நினைத்த ஒரு புரோகிராமர்.

ஒவ்வொரு தளத்திலும் கணக்கு திறக்கச் சொல்லும். பெயர், முகவரி, பிறந்த தேதி, சோஷியல் எண், போன். பிறகு ஓடிபி வரலாம், அல்லது 'கீழ்க்கண்டவற்றில் எந்தத் தெருவில் வசித்தீர்கள்?', 'உங்கள் கார் லோன் எந்த வங்கியில்?' என்பது போன்ற கேள்விகள் வரலாம். குறித்து வைத்த தாள் இங்கே உதவும். 'இவற்றில் எதுவுமில்லை' என்பதும் சரியான விடையாக இருக்கலாம், அவசரப்படாதீர்கள். மூன்றுக்கும் மூன்று பாஸ்வேர்ட், இரண்டடுக்கு உறுதிப்பாடு இருந்தால் அதையும் போடுங்கள். இந்தக் கணக்கை யார் பிடிக்கிறாரோ அவர் ஃப்ரீஸை எடுக்கலாம். உங்கள் பெயரில் வேறொருவர் திறப்பதற்குள் நீங்கள் திறந்துவிடுவது நல்லது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் விற்பனைத் தொல்லை. உள்ளே நுழைந்ததும் ஸ்கோர், கார்டு விளம்பரம், மாதாந்திரத் திட்டம், இலவசச் சோதனைக் காலம் என்று திரை முழுக்கக் கடை விரித்திருப்பார்கள். 'லாக்' என்ற பெரிய பட்டனும் இருக்கலாம். பார்க்க ஃப்ரீஸ் மாதிரியே இருக்கும், சில இடத்தில் மாதக் கட்டணம் உண்டு. லாக் என்பது அந்த நிறுவனம் விற்கும் சேவை, அதன் நிபந்தனைகளை எழுதுவது அவர்கள். ஃப்ரீஸ் என்பது சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை, காசு கேட்க முடியாது, கெடுவும் சட்டத்தில் இருக்கிறது. 'செக்யூரிட்டி ஃப்ரீஸ்' என்று எழுதியிருப்பதைத் தேடிப் பிடித்து அதை மட்டும் அழுத்துங்கள்.

முடிந்ததும் உறுதிப்படுத்தும் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பின் எண் கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள். (2017இல் ஈக்விஃபாக்ஸ் கொடுத்த பின் எண் எது தெரியுமா? நீங்கள் ஃப்ரீஸ் போட்ட தேதியும் நேரமும்தான்! ஊரே சிரித்தபிறகு மாற்றினார்கள்.) இரண்டு நாள் கழித்து மறுபடி மூன்றிலும் உள்ளே போய், ஃப்ரீஸ் இருக்கிறது என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இது வீண் சந்தேகம் இல்லை. ஃப்ரீஸ்களையும் லாக்குகளையும் உரிய நேரத்தில் போடாமலும் எடுக்காமலும் விட்டதற்காக, 2023 அக்டோபரில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு டிரான்ஸ்யூனியனை 80 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. வேலை நடக்காமலே நடந்துவிட்டதாக வாடிக்கையாளர்களிடம் சொன்னார்கள் என்பதும் அந்தக் குற்றச்சாட்டில் ஒன்று.

ஆன்லைனில் எப்படியும் பொருந்தவில்லை என்றால் போன், அதுவும் சரிப்படவில்லை என்றால் தபால். கடிதத்தோடு அரசு அடையாள அட்டை, சோஷியல் எண்ணுக்கான சான்று, முகவரிக்குக் கரண்ட் பில்லோ வங்கி ஸ்டேட்மென்ட்டோ வையுங்கள். எல்லாமே நகல்கள்தான். மூலத்தை அனுப்பவே கூடாது. சர்டிஃபைட் மெயிலில் போட்டு, பெற்றுக்கொண்டதற்கான அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வந்து சில மாதமே ஆனவர்களுக்குப் பீரோவில் கோப்பே உருவாகியிருக்காது, அவர்கள் பெரும்பாலும் இந்த வழிக்குத்தான் வந்து சேர்வார்கள்.

குழந்தைகளின் பெயரிலும்

இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறந்த சில வாரத்தில் சோஷியல் எண் வந்துவிடுகிறது. பதினெட்டு வயதுவரை அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மோசடிக்காரர்களுக்கு இதைவிட வசதி வேண்டுமா? கல்லூரிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான், தன் பெயரில் பத்து வருடப் பழைய பாக்கி இருப்பது பிள்ளைக்குத் தெரியும்.

2018 சட்டப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குப் பெற்றோர் ஃப்ரீஸ் கேட்கலாம். கோப்பு இல்லாவிட்டாலும், பீரோ ஒன்றை உருவாக்கி அதை உறைய வைக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் தபால்தான். ஒரு குழந்தைக்கு மூன்று உறை. ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பீரோவின் படிவம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகல், சோஷியல் கார்டு நகல், உங்கள் லைசென்ஸ் நகல், உங்கள் சோஷியல் கார்டு நகல், உங்கள் பெயரும் முகவரியும் உள்ள ஒரு பில். எந்தப் பீரோவுக்கு என்னென்ன வேண்டும் என்பது அதன் தளத்தில் இருக்கும், சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா பெயர் எழுதியிருக்கும் விதமும் உங்கள் லைசென்ஸில் இருக்கும் விதமும் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் உறை திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். பதில் கடிதங்களைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். 16 வயதானதும் பிள்ளைகளே தங்கள் பெயரில் போட்டுக்கொள்ளலாம், எடுக்கலாம்.

எடுக்கும் நாள்

நிரந்தரமாக எடுக்காதீர்கள். குறிப்பிட்ட தேதிகளுக்கு மட்டும் எடுக்கும் வசதி மூன்றிலும் உண்டு. கெடு முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும்.

கிரெடிட் கார்டு என்றால் அந்த வங்கியைக் கூப்பிட்டு எந்தப் பீரோ என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அதை மட்டும் ஓரிரு நாள் திறந்தால் போதும். கார் வாங்கப் போனால் கதை வேறு. டீலரின் ஃபைனான்ஸ் அறையில் இருப்பவர் உங்கள் விண்ணப்பத்தை ஒரே நேரத்தில் பல வங்கிக்குத் தட்டிவிடுவார், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பீரோவைப் பார்க்கும். சனிக்கிழமை சாயங்காலம் சாவி கைக்கு வரும் நேரத்தில் 'உங்கள் ஃபைல் ஃப்ரீஸ்ல இருக்கு சார்' என்று அவர் சொல்ல, அவருடைய வைஃபையில் நீங்கள் பாஸ்வேர்ட் தேடிக்கொண்டிருப்பது வேண்டாம். கிளம்பும் முன் வீட்டிலேயே மூன்றையும் மூன்று நாளைக்குத் திறந்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக் கடனுக்கு மூன்று ரிப்போர்ட்டும் வாங்குவார்கள், க்ளோசிங்குக்கு (கடைசிக் கையெழுத்துக்கு) முன் இன்னொரு முறையும் பார்ப்பார்கள். எத்தனை நாள் திறந்திருக்க வேண்டும் என்று லோன் ஆபீசரிடம் கேட்டுத் தேதி போடுங்கள். வேலை, வாடகை வீடு, இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கான சோதனைகளுக்குச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது, ஃப்ரீஸ் தடுக்காது. ஆனாலும் சில அபார்ட்மென்ட் ஆபீஸ்களில் ரிப்போர்ட் வரவில்லை என்பார்கள். வாக்குவாதம் செய்வதைவிட ஒரு நாள் திறந்து கொடுப்பது சுலபம்.

மூன்றோடு முடிவதில்லை

உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முயன்றால் பல வங்கிகள் பார்ப்பது செக்ஸ்சிஸ்டம்ஸ் என்ற இடத்தை. செல்போன், கரண்ட், கேபிள் இணைப்புகளுக்கு என்சிடியுஇ. நான்காவதாக இன்னோவிஸ் என்ற சிறிய பீரோ. இந்த மூன்று இடத்திலும் ஃப்ரீஸ் இலவசம். செக்ஸ்சிஸ்டம்ஸை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள். சம்பள விவரம் வைத்திருக்கும் 'தி வொர்க் நம்பர்' (ஈக்விஃபாக்ஸுக்குச் சொந்தமானது) கோப்பையும் உறைய வைக்கலாம். ஆனால் வேலை மாறும் தறுவாயில் இருப்பவர்கள் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், பேக்ரவுண்ட் செக் இழுத்துக்கொண்டே போகும்.

வரி மோசடியை ஃப்ரீஸ் தடுக்காது. உங்கள் எண்ணில் வேறொருவர் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிவிட்டால், உங்கள் ரிட்டர்ன் நிராகரிக்கப்படும்போதுதான் தெரியும். இதற்கு வரித்துறையான ஐஆர்எஸ் தரும் ஐபி பின் இருக்கிறது. ஆறு இலக்கம், ஒவ்வொரு ஆண்டும் புதிது, அது இல்லாமல் உங்கள் எண்ணில் மின்வழி ரிட்டர்ன் ஏற்காது. 2021 முதல், அடையாளத்தை உறுதிசெய்ய முடிந்த யாரும் வாங்கலாம். கணவன் மனைவி இருவரும் தனித்தனியாக வாங்க வேண்டும். வரி போட்டுத் தரும் ஆளிடம் இந்த எண்ணைக் கொடுக்க மறந்தால் ரிட்டர்ன் திரும்பிவரும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தபால்பெட்டியில் குவியும் 'உங்களுக்கு முன்கூட்டியே ஒப்புதல்' கடிதங்களும் ஃப்ரீஸால் நிற்காது. ஆப்ட்அவுட் ப்ரீஸ்கிரீன் தளத்தில் ஐந்து வருடத்துக்கோ நிரந்தரமாகவோ நிறுத்தலாம். இருக்கிற கார்டில் நடக்கும் திருட்டுச் செலவையும் ஃப்ரீஸ் பார்க்காது. அதற்கு ஒவ்வொரு செலவுக்கும் போனில் அறிவிப்பு வருமாறு வங்கி ஆப்பில் அமைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் களவுக்குப் பிறகு நிறுவனங்கள் ஒன்றிரண்டு வருடம் இலவச மானிட்டரிங் (கிரெடிட் கண்காணிப்பு) தருவார்கள். தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். கணக்கு திறந்தபிறகு சொல்வதுதான் அதன் வேலை.

ஏற்கெனவே நடந்துவிட்டால்

ஃப்ரீஸை உடனே போடுங்கள், பிறகு ஐடென்டிட்டி தெஃப்ட் டாட் கவ் தளத்தில் புகார் பதியுங்கள். அது ஃபெடரல் டிரேட் கமிஷனின் தளம். அங்கே கிடைக்கும் புகார் ரிப்போர்ட்தான் மற்ற எல்லாவற்றுக்கும் ஆதாரம். அதையும் அடையாளச் சான்றையும் பீரோக்களுக்கு அனுப்பினால், மோசடிக் கணக்கை நான்கு வேலைநாளுக்குள் கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்து மறைக்க வேண்டும். அதே ஆதாரத்தை வைத்து ஏழு வருடத்துக்கான ஃபிராடு அலர்ட்டும், அதாவது கடன் தரும் முன் ஆளை உறுதிசெய்யச் சொல்லும் எச்சரிக்கையும், கேட்கலாம். (சாதாரண அலர்ட் ஒரு வருடம். இதை மட்டும் ஒரு பீரோவிடம் சொன்னால் போதும், அது மற்ற இரண்டுக்கும் சொல்லிவிடும்.) கணக்கு திறந்த வங்கியின் ஃபிராடு பிரிவுக்குத் தனியாக எழுதி, கணக்கை மூடியதாகவும் நீங்கள் பொறுப்பில்லை என்றும் கடிதம் வாங்குங்கள். வசூல் ஏஜென்சி போனில் மிரட்டினாலும், 'அந்தச் சின்னத் தொகையை மட்டும் கட்டிவிடுங்கள்' என்று நைச்சியமாகப் பேசினாலும் எதையும் கட்டாதீர்கள்.

'உங்கள் சோஷியல் எண்ணை சஸ்பெண்ட் செய்துவிட்டோம்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் எண்ணை சஸ்பெண்ட் செய்வதே இல்லை.

ஊருக்குத் திரும்புகிறவர்கள்

விசா முடிந்தோ, போதும் என்றோ சென்னைக்கோ கோவைக்கோ திரும்புகிறவர்கள்தான் இதை அதிகம் மறக்கிறார்கள். நீங்கள் போனாலும் எண் இங்கேதான் இருக்கும், கோப்பும் நல்ல ஸ்கோரோடு அப்படியே கிடக்கும். அதைக் கவனிக்க ஆளில்லை என்பதுதான் கூடுதல் ஆபத்து. விமானம் ஏறும் முன் மூன்று பீரோ, செக்ஸ்சிஸ்டம்ஸ், ஐபி பின் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். கணக்குகளில் இருக்கும் மின்னஞ்சல் ஆபீஸ் மின்னஞ்சலாக இருந்தால் மாற்றுங்கள், கடைசி நாளோடு அது போய்விடும். அமெரிக்க போன் எண்ணை ரத்துசெய்யாமல் மலிவான ப்ரீபெய்டு திட்டத்துக்கு மாற்றி, இந்தியாவில் வைஃபை வழியே ஓடிபி வருகிறதா என்று போன முதல் வாரத்திலேயே சோதித்துக்கொள்ளுங்கள். கூகுள் வாய்ஸ் எண்ணை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை. அமெரிக்காவில் போட்ட ஃப்ரீஸுக்கும் ஊரில் இருக்கும் சிபில் கோப்புக்கும் தொடர்பில்லை. அங்கே வீட்டுக் கடனுக்குப் போகும்போது இது குறுக்கே வராது.